ஹிரோஷிமாவின் பிடிவாதம்: மாஸ்டா கார்களின் கதை

1999-ல் மிச்சிகன் மாநிலத்துக்கு வந்து இறங்கியபோது எனக்குக் கிடைத்த முதல் அறிவுரை, குளிருக்கு எந்தக் கோட்டு வாங்குவது என்பதல்ல. எந்தக் கார் வாங்குவது என்பது. எனக்கு முன்பே வந்து காலூன்றிவிட்ட நண்பர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: "டொயோட்டா, இல்லாவிட்டால் ஹோண்டா. மூன்றாவது பெயரை யோசிக்கவே யோசிக்காதே. பத்து வருஷம் ஓட்டு, விற்கும்போது பாதி விலை கைக்கு வரும்." அறிவுரை நல்ல அறிவுரைதான். ஆனால் கையிலிருந்த பணம் அந்த இரண்டு பெயர்களுக்கும் எட்டவில்லை. கடைசியில், நாலு வருஷம் ஓடிய ஒரு மாஸ்டா 626-ஐ வாங்கினேன்.

மாஸ்டா என்ற பெயர் எனக்குப் புதிதல்ல. ஊரில் கல்யாணத்துக்குப் போனாலும், கோயில் குளம் என்று கும்பலாகக் கிளம்பினாலும் வாசலில் வந்து நிற்பது 'ஸ்வராஜ் மாஸ்டா' வேன்தானே. 1980-களில் பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனம் ஜப்பானியரோடு கூட்டுச் சேர்ந்து செய்யத் தொடங்கிய சின்ன லாரிகளும் வேன்களும் அவை. 2011-ல் அந்தக் கம்பெனியின் பெயரிலிருந்து மாஸ்டா போய் இசுஸு வந்துவிட்டது. இருந்தாலும் வேன் என்றால் மாஸ்டா என்று சொல்லும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் போகவில்லை.

வாசகர்களுக்கு இந்தக் கதையெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். 2023-ல் என் மகள் படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்தாள். "அப்பா, என்ன கார் வாங்கலாம்?" என்று கேட்டாள். என் வாயிலிருந்து, யோசிக்கும் முன்பே, "டொயோட்டா, இல்லாவிட்டால் ஹோண்டா" என்று வந்தது. அவள் சிரித்தாள். "இருபத்து நாலு வருஷமா நீங்க என்ன ஓட்டறீங்க?" என்றாள். 626-க்குப் பிறகு நான் வாங்கிய இரண்டாவது காரும் மாஸ்டாதான். முதல் கார் பணமில்லாததால் வாங்கியது, சரி. இரண்டாவதைக் கையில் பணத்தோடு, தெரிந்தே வாங்கினேன். ஏன் என்று அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் படித்ததும், அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் மகளோடு ஹிரோஷிமாவுக்கே போய்ப் பார்த்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

தக்கையில் தொடங்கிய தொழில்

ஹிரோஷிமாவில் 1920-ல் தொடங்கப்பட்ட 'டோயோ கார்க் கோக்யோ' என்ற கம்பெனி செய்தது காரல்ல, தக்கை. பாட்டிலை மூடும் தக்கையேதான். அடுத்த ஆண்டே அதன் தலைமைப் பொறுப்பு ஜூஜிரோ மாட்சுடா என்பவரிடம் வந்தது. 1875-ல் ஹிரோஷிமாப் பக்கத்து மீனவக் குடும்பமொன்றில், ஏகப்பட்ட குழந்தைகளில் ஒருவராகப் பிறந்தவர். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்தார். பதின்மூன்று பதினான்கு வயதில் ஒசாகாவுக்குப் போய்க் கொல்லுப்பட்டறையில் வேலை பழகினார். தானே ஒரு பம்பு வடிவமைத்துச் சம்பாதித்தார். தான் வளர்த்த கம்பெனியிலிருந்தே வெளியேற நேர்ந்தது. ஊருக்குத் திரும்பியவருக்குக் கிடைத்தது இந்தத் தக்கைத் தொழில்.

1925-ல் தொழிற்சாலை தீப்பிடித்தது. தக்கை வியாபாரமும் சுருங்கியது. மாட்சுடாவுக்கு இரும்பு வேலைதான் கைவந்த கலை. 1927-ல் பெயரிலிருந்து 'கார்க்' என்ற சொல்லை எடுத்துவிட்டு இயந்திரக் கருவிகளில் இறங்கினார். 1931-ல் மூன்று சக்கர லாரி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். முன்பாதி மோட்டார் சைக்கிள், பின்பாதி வண்டிப்பெட்டி. நம்மூர் சுமை ஆட்டோவைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அதற்கு வைத்த பெயர் 'மாஸ்டா-கோ'. மாட்சுடா என்ற குடும்பப் பெயருக்கும், பாரசீக ஜரதுஷ்டிர சமயத்தின் ஒளிக்கும் ஞானத்துக்கும் உரிய தெய்வமான அஹுரா மஸ்டாவின் பெயருக்கும் ஒலியில் இருந்த நெருக்கம் அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. இதே தெய்வத்தின் பெயரை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 1909-லேயே மின்விளக்குக்கு வைத்திருந்தது. ஒரு பாரசீகக் கடவுள் அமெரிக்காவில் பல்பாகவும் ஜப்பானில் லாரியாகவும் அவதாரம் எடுத்திருக்கிறார்.

1936-ல் இந்த மூன்று சக்கர வண்டிகளைத் தெற்கே ககோஷிமாவிலிருந்து தோக்கியோ வரை சுமார் 2,700 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டி விளம்பரம் செய்தார்கள். பிறகு போர் வந்தது. கம்பெனி ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து ஜப்பானியத் தொழிற்சாலைகள் பலவற்றின் கதையும் அதுவே.

ஆகஸ்டு 6

1945 ஆகஸ்டு 6 ஜூஜிரோ மாட்சுடாவின் 70-வது பிறந்த நாள். அன்று காலையிலேயே நகரத்தின் மையப் பகுதிக்குப் போய் முடிவெட்டிக்கொண்டு, காரில் திரும்பிக்கொண்டிருந்தார். 8.15-க்கு அணுகுண்டு விழுந்தது. கார் சிதைந்தது, அவர் பிழைத்தார். அவர் சற்று முன்பு உட்கார்ந்திருந்த இடமும் அதைச் சுற்றியிருந்த நகரமும் இல்லாமல் போயின.

தொழிற்சாலை குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, ஃபூச்சூ என்ற ஊரில் இருந்தது. இடையே ஹிஜியாமா என்றொரு சிறு குன்று. உயரம் எழுபது மீட்டர்தான். அந்தக் குன்று வெடிப்பின் வேகத்தில் ஒரு பங்கைத் தடுத்தது. கூரைகள் பெயர்ந்தன, கண்ணாடிகள் நொறுங்கின, ஆனால் கட்டடங்கள் நின்றன. நகருக்குள் வேலையாகப் போயிருந்த தொழிலாளர்கள் பலர் திரும்பவில்லை. நின்ற கட்டடங்களில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை நடந்தது. பிறகு, அலுவலகமே இல்லாமல் போன ஹிரோஷிமா மாநில நிர்வாகம் அங்கே குடிபுகுந்து, 1946 நடுப்பகுதி வரை அங்கிருந்துதான் இயங்கியது. ஒரு கார் கம்பெனியின் கூரைக்குக் கீழே ஒரு மாநிலத்தின் அரசாங்கம் நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதே 1945 டிசம்பரில், குண்டு விழுந்து நான்கே மாதத்தில், மூன்று சக்கர லாரி மறுபடியும் அந்தத் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. இடிபாடுகளை அள்ளவும் கட்டுமானப் பொருட்களைக் கொண்டுவரவும் ஊருக்கு அப்போது அவசரமாகத் தேவைப்பட்டது அதுதான்.

நானும் மகளும் காலையில் அமைதி நினைவு அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். உருகிப்போன சாப்பாட்டு டப்பாவையும் எரிந்துபோன சின்னஞ்சிறு மூன்று சக்கர சைக்கிளையும் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது இருவருக்கும் பேச்சு வரவில்லை. பிற்பகலில் உள்ளூர் ரயிலேறி முகாய்நாடா நிலையத்தில் இறங்கி, மாஸ்டா அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே நிறுத்தியிருந்த பழைய மூன்று சக்கர லாரியைச் சுற்றி வந்த மகள், "காலையில் பார்த்த ஊரிலிருந்தா இதைச் செய்தார்கள்?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்த அருங்காட்சியகத்தைச் சுற்றுலாப் பயணியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

உலக்கையும் ஆட்டுக்கல்லும்

மாஸ்டாவின் முதல் பயணிகள் கார் 1960-ல் வந்த ஆர்360. பொம்மை போன்ற குட்டிக் கார். அதற்குள் ஒரு பெரிய அபாயம் எழுந்திருந்தது. ஜப்பானில் கார் கம்பெனிகள் அதிகம், வெளிநாட்டுப் போட்டிக்குச் சந்தையைத் திறந்தால் தாங்காது, ஆகவே சிறியவற்றைப் பெரியவற்றோடு இணைத்துவிட வேண்டும் என்று வணிகத் தொழில் அமைச்சகம் நினைத்தது. ஜூஜிரோவுக்குப் பின் தலைமைக்கு வந்திருந்த ட்சுனேஜி மாட்சுடாவுக்கு இதன் பொருள் புரிந்தது. வேறு எவரிடமும் இல்லாத ஒன்று தன்னிடம் இல்லையென்றால் ஹிரோஷிமாவின் கம்பெனி தோக்கியோவிலோ நகோயாவிலோ கரைந்துவிடும்.

அந்த ஒன்றுதான் ரோட்டரி எஞ்சின். ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வான்கல் சிந்தித்து, என்எஸ்யூ என்ற கம்பெனி உருவாக்கிக்கொண்டிருந்தது. வழக்கமான எஞ்சின் உலக்கை போன்றது. உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் இடிக்கும். அந்த இடியைச் சுழற்சியாக மாற்ற வேண்டும். ரோட்டரி எஞ்சின் ஆட்டுக்கல் போன்றது. நடுவில் சற்றே இடுங்கிய நீள்வட்டக் குழிக்குள் முக்கோணக் குழவி ஒன்று சுழலும். குழிக்கும் குழவிக்கும் இடையிலுள்ள வெளி பெரிதாகிச் சிறிதாகும்; அதிலேயே பெட்ரோல் நுழைவதும் அழுந்துவதும் எரிவதும் புகை வெளியேறுவதும் நடந்து முடியும். பாகங்கள் குறைவு, எடை குறைவு, ஆட்டம் குறைவு. தாளில் பார்த்தால் அற்புதம்.

1960-ல் ட்சுனேஜி ஜெர்மனிக்குப் போனார். ஒப்பந்தத்துக்கு 1961-ல் அரசின் அனுமதி கிடைத்தது. வந்து சேர்ந்த மாதிரி எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. தொடர்ந்து ஓடிய பிறகு குழியின் உட்சுவரில் நகத்தால் பிறாண்டியது போல வரிவரியாகக் கீறல் விழுந்தது. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் உள்ள அடைப்புப் பட்டைகள் அதிர்ந்து செய்த வேலை. பொறியாளர்கள் இதற்குப் 'பிசாசின் நகக் கீறல்' என்று பெயர் வைத்தார்கள்.

1963-ல் இதற்கென்றே ஒரு ஆராய்ச்சிப் பிரிவு அமைந்தது. தலைவர் கெனிச்சி யமமோட்டோ. தோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். போருக்குப் பின் ஹிரோஷிமாவுக்குத் திரும்பியபோது அணுகுண்டில் தங்கையை இழந்திருந்தார். வேறு வேலை கிடைக்காமல் இந்தத் தொழிற்சாலையில் கியர்பெட்டி பூட்டும் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்து மேலே வந்தவர். அவரோடு சேர்த்து 47 பேர். தலைவனை இழந்தபின் ஒரே நோக்கத்துக்காகக் காத்திருந்து உயிரைக் கொடுத்த 47 ரோனின்களின் கதை ஜப்பானியக் குழந்தைக்கும் தெரியும். நம் மொழியில் சொல்வதானால் வஞ்சினம் உரைத்த வீரர்கள். இவர்களும் தங்களை அப்படியே எண்ணிக்கொண்டார்கள். குதிரை எலும்பு, மாட்டு எலும்பு வரை எல்லாவற்றிலும் பட்டை செய்து பார்த்ததாகச் சொல்வார்கள். கடைசியில் கரியும் அலுமினியமும் கலந்த பட்டை கைகொடுத்தது.

1967 மே 30-ல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. இரட்டைச் சுழலி கொண்ட எஞ்சின், 110 குதிரைத்திறன். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் 84 மணி நேரப் பந்தயத்தில் இரண்டு காஸ்மோக்களை இறக்கினார்கள். ஒன்று கடைசி நேரத்தில் நின்றுபோனது. மற்றது நாலாவதாக வந்தது. எஞ்சினைப் பெற்ற என்எஸ்யூவோ 1969-ல் வோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் போய்விட்டது. பெற்ற வீட்டில் தங்காத பிள்ளை ஹிரோஷிமாவில் வளர்ந்தது.

பிடிவாதத்தின் விலை

1970-ல் அமெரிக்காவுக்கு வந்த மாஸ்டா, ரோட்டரியின் புதுமையால் வேகமாக விற்றது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி. ரோட்டரியில் எரியும் வெளி நீண்டு தட்டையானது. பெட்ரோல் முழுதும் எரிவதில்லை. நகரத்துக்குள் காலனுக்கு ஏறத்தாழ 11 மைல்தான் கிடைக்கிறது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் சோதனை சொன்னது. கம்பெனி மறுத்து வாதாடிப் பார்த்தது. பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்பவனிடம் வாதம் எடுபடுமா? விற்காத கார்கள் குவிந்தன. எந்த எஞ்சின் கம்பெனியைத் தனித்து நிற்க வைத்ததோ அதுவே அதை மூழ்கடிக்கப் பார்த்தது.

அப்போது நடந்தது மாஸ்டா சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சுமிட்டோமோ வங்கி தன் ஆட்களை அனுப்பி நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. 1977-ல் மாட்சுடா குடும்பத்தினர் தலைமையிலிருந்து விலகினார்கள். ஆனால் தொழிலாளர்களைக் கூட்டமாக வெளியேற்றவில்லை. ஆயிரக்கணக்கானவர்களை விற்பனை நிலையங்களுக்கு அனுப்பினார்கள். திருகு முடுக்கிய கைகள் நாடெங்கும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, தாங்கள் செய்த காரைத் தாங்களே விற்றன. ஹிரோஷிமாவில் கடைக்காரர்களும் மற்றத் தொழிலாளர்களும் 'வாங்கினால் நம்மூர் கார்' என்று இயக்கமே நடத்தினார்கள். 1975-ல், கம்பெனி திணறிக்கொண்டிருந்த அதே சமயத்தில், ஊரின் பேஸ்பால் அணியான ஹிரோஷிமா டோயோ கார்ப் முதன்முறையாகத் தன் பிரிவின் பட்டத்தை வென்றது. பெயரிலுள்ள 'டோயோ' இந்தக் கம்பெனியுடையதுதான். தோற்றுக்கொண்டே இருந்த அணியும் கடனில் மூழ்கிய கம்பெனியும் அந்த ஊருக்கு வெவ்வேறாகத் தெரிந்திருக்காது.

1979-ல் ஃபோர்டு கம்பெனி 25 சதவீதப் பங்கை வாங்கியது. ஆனால் ரோட்டரியை விடவில்லை. எல்லாக் கார்களிலும் அதை வைப்பதை நிறுத்திவிட்டு, எடை குறைந்த விளையாட்டுக் காருக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். 1978-ல் வந்த ஆர்எக்ஸ்-7 அப்படிப் பிறந்தது. அன்றாட ஓட்டத்துக்கு 1980-ன் ஃபமீலியா, சாதாரணப் பிஸ்டன் எஞ்சினோடு. ஜப்பானில் அவ்வாண்டு முதன்முறையாக வழங்கப்பட்ட 'ஆண்டின் சிறந்த கார்' விருது அதற்குத்தான் கிடைத்தது. 1984-ல் கம்பெனி தன் பெயரையே மாஸ்டா என்று மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு தலைவரானவர், கியர்பெட்டி பூட்டத் தொடங்கிய யமமோட்டோ.

1991-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஆரஞ்சும் பச்சையுமாக வண்ணம் பூசிய 787பி முதலாவதாக வந்தது. ஜப்பானியக் கம்பெனி ஒன்று அங்கே வென்றது அதுவே முதல் தடவை. கடைசிச் சுற்றுகளை ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் காரை விட்டு இறங்கியதும் களைத்து விழுந்துவிட்டார். வெற்றி மேடையில் ஏறவே இல்லை. அந்தக் கார் ஃபூச்சூவில் கண்ணாடித் தடுப்பு இல்லாமல் நிற்கிறது.

குதிரையும் வீரனும்

மாஸ்டாவின் இன்னொரு பிடிவாதம் 1989-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கை, மடிக்கும் கூரை, எடை குறைவு, விலையும் எட்டும் தூரத்தில். இந்த வகைக் கார்களை ஆங்கிலேயர்கள் செய்து, துருவிலும் ஒழுகும் எண்ணெயிலும் கெடுத்து, கைவிட்டிருந்தார்கள். இனி யாரும் வாங்க மாட்டார்கள் என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். 2016-ல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 வெளிவந்தது. இரண்டு இருக்கை விளையாட்டுக் கார்களில் உலகில் அதிகம் விற்றது இதுதான் என்று கின்னஸ் புத்தகம் சொல்கிறது.

அந்தக் காரைச் செய்தவர்கள் ஒரு பழைய சொற்றொடரைத் தங்கள் மந்திரமாக வைத்துக்கொண்டார்கள்: 'ஜின்பா இத்தாய்'. குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடல் என்று பொருள். ஓடும் குதிரையிலிருந்து அம்பெய்யும் வில்லாளிக்குக் கடிவாளம் பிடிக்கக் கையில்லை. குதிரை அவன் நினைப்பை அறிந்து ஓட வேண்டும். புறத்திணையில் 'குதிரை மறம்' என்றொரு துறையே வைத்துப் பாடிய நமக்கு இது அந்நியமல்ல. சங்கப் புலவன் வீரனை மட்டும் பாடி நிறுத்தவில்லை, அவன் குதிரையின் வீரத்தையும் தனியே பாடினான்.

1990-களில் மாஸ்டா தன் இயல்பை மறந்து பெரிய கம்பெனிபோல நடக்கப் பார்த்தது. ஒரே கம்பெனிக்கு ஐந்து விற்பனைப் பெயர்கள்! ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்ததும் மறுபடியும் கடன். 1996-ல் ஃபோர்டு தன் பங்கை 33.4 சதவீதமாக உயர்த்தி, ஹென்றி வாலஸ் என்பவரைத் தலைவராக்கியது. ஜப்பானியக் கார் கம்பெனி ஒன்றுக்கு வெளிநாட்டவர் தலைவரானது அதுவே முதல். 2008-ல் ஃபோர்டுக்கே நெருக்கடி வந்தபோது பங்குகளை விற்கத் தொடங்கி, 2015-க்குள் முழுவதும் விலகியது. துணையின்றி நின்ற காலத்தில்தான் 'ஸ்கைஆக்டிவ்' என்ற பெயரில் எஞ்சின், கியர்பெட்டி, உடற்கட்டு எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் புதிதாக வடிவமைத்தார்கள். 2012-ல் வந்த சிஎக்ஸ்-5 கம்பெனியைக் காப்பாற்றியது. 2017-ல் டொயோட்டாவும் மாஸ்டாவும் சிறிய அளவில் ஒன்றின் பங்கை மற்றது வாங்கிக்கொண்டன. இப்போது மாஸ்டா ஆண்டுக்கு விற்பது 12, 13 லட்சம் கார்கள். டொயோட்டா விற்பது ஒரு கோடிக்கும் மேல்.

ஓட்டுகிறவர்கள் சொல்வது

என் இரண்டு கார்களும் நான் குடியிருக்கும் கேன்டனிலிருந்து அரை மணி நேர தூரத்திலுள்ள ஃபிளாட் ராக் ஊரில் செய்யப்பட்டவை. ஃபோர்டு 1981-ல் மூடிய வார்ப்படச் சாலை இருந்த இடத்தில் மாஸ்டா 1987-ல் தொடங்கிய தொழிற்சாலை அது. பின்னர் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து நடத்தின. 2012-ல் மாஸ்டா அங்கிருந்து வெளியேறியது. அந்தக் கடைசி ஆண்டில் வந்ததுதான் என் மாஸ்டா 6. எங்கள் தெருவில் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார். என் காரைப் பார்க்கும்போதெல்லாம் முன்கதவை ஒருமுறை திறந்து சாத்தி, சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார்.

தமிழ்ச் சங்கப் பிக்னிக்கில் மாஸ்டா வைத்திருக்கிற நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்போதும் ஒரே பாதையில் போகும். முதல் புகழ்ச்சி ஸ்டீயரிங்குக்கு. வளைவில் கார் நாம் நினைத்த இடத்தில், நினைத்த அளவு திரும்பும். அடுத்தது கியர்பெட்டி. பெட்ரோல் சிக்கனத்துக்காகப் பல கம்பெனிகள் பெல்ட்டில் ஓடும் சிவிடிக்கு மாறியபோது மாஸ்டா ஆறு கியர் தானியங்கியையே வைத்துக்கொண்டது. முடுக்கினால் எஞ்சின் மட்டும் ஓலமிட்டு, கார் பின்னால் வரும் அனுபவம் இதில் இல்லை. மூன்றாவது, விலைக்கு மீறிய உள்ளலங்காரம். நம்பகத்தன்மையிலும் சின்னக் கம்பெனி சோடை போகவில்லை. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் வாசகர்களிடம் நடத்தும் ஆண்டுக் கணிப்பில் 2020-ல் மாஸ்டா முதன்முறையாக எல்லாக் கம்பெனிகளையும் முந்தி முதலிடம் பெற்றது.

குறைகளும் உண்டு. பின் இருக்கை நெருக்கம் என்பது பழைய புகார். பனிக்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் ஊர்களில், 2000-களில் வந்த மாடல்களின் சக்கர வளைவுகள் சீக்கிரம் துருப்பிடிப்பதாக உரிமையாளர்கள் நெடுங்காலம் குறைப்பட்டார்கள். புகழ்பெற்ற அந்த அடர்சிவப்பு வண்ணம் கண்ணைப் பறிக்கும். கல் பட்டுப் பெயர்ந்தால் அதே நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவது பணச்செலவு. டீலர்கள் எண்ணிக்கை குறைவு. விற்கும்போது கிடைக்கும் விலை டொயோட்டாவுக்குக் கொஞ்சம் கீழேதான்.

2003-ல் வந்த ஆர்எக்ஸ்-8 தனிக்கதை. அடைப்புப் பட்டைகளுக்கு உயவாக ரோட்டரி எஞ்சின் தானே கொஞ்சம் எண்ணெயைக் குடித்து எரிக்கும். ஆகவே அடிக்கடி அளவு பார்த்து ஊற்ற வேண்டும். அதைத் தெரியாமல் சாதாரணக் கார் போல ஓட்டியவர்களுக்கு எஞ்சின் பழுதானது. புகார்கள் பெருகவே, 2008-ல் மாஸ்டா அமெரிக்காவில் எஞ்சினின் உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என நீட்டித்தது. 2012-ல் ஆர்எக்ஸ்-8 நின்றது. அதை வைத்திருந்தவர்கள் காரைப் பற்றிப் பேசுவது, செலவாளியான தம்பியைப் பற்றி அண்ணன் பேசுவது போல இருக்கும். திட்டுவார்கள், நாம் கூடச் சேர்ந்து திட்டினால் கோபம் வரும்.

2011-ல் ஒரு வேடிக்கை. மஞ்சள் நிறச் சிலந்தி ஒன்று பெட்ரோல் வாடைக்கு ஆசைப்பட்டு, மாஸ்டா 6 கார்களின் பெட்ரோல் தொட்டிக் காற்றுக்குழாயில் கூடு கட்டியது. கூடு அடைத்தால் தொட்டியில் அழுத்தம் மாறி விரிசல் விடலாம் என்று அமெரிக்காவில் சுமார் 50,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். நல்லவேளையாக என் கார் அதற்குப் பிந்திய வருஷம்.

2019-ன் மாஸ்டா 3-ல் எல்லோரும் தொடுதிரை வைத்தபோது இவர்கள் அதை எடுத்துவிட்டு, கைக்கருகே ஒரு குமிழை வைத்தார்கள். ஓட்டுபவன் கண் சாலையை விட்டு விலகக் கூடாது என்பது காரணம். பாதிப்பேர் கொண்டாடினார்கள், பாதிப்பேர், "தலைகீழாக யோசிப்பதே இவர்களுக்கு வேலை" என்று சலித்துக்கொண்டார்கள். 2025-ல் அறிமுகமான புதிய சிஎக்ஸ்-5-ல் குமிழ் போய்ப் பெரிய தொடுதிரை வந்துவிட்டது. கொண்டாடியவர்கள் இப்போது சலித்துக்கொள்கிறார்கள்.

இந்தப் புகழ்ச்சியையும் புகாரையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேல் ஒரே வேரிலிருந்து வருவது எனக்குத் தெரிந்தது. ஓட்டுபவனை நினைத்துச் செய்த காரில் பின்னால் உட்காருபவனுக்கு இடம் குறைகிறது. தனி வழி போகிற எஞ்சின் தனிக் கவனம் கேட்கிறது. சின்னக் கம்பெனிக்கு டீலரும் கொஞ்சமாகத்தான் இருப்பார்கள். ரோட்டரி இல்லாமல் இருந்திருந்தால் மாஸ்டா 1973-ல் அடிபட்டிருக்காது. 1960-களிலேயே வேறொரு கம்பெனியின் கிளையாகியிருக்கும். 2023-ல் அந்த எஞ்சினை மறுபடியும் கொண்டுவந்தார்கள். இப்போது அது சக்கரத்தைச் சுற்றவில்லை. எம்எக்ஸ்-30 என்ற மின்காரின் ஒரு வகையில் மூலையில் உட்கார்ந்து பேட்டரிக்கு மின்சாரம் தயாரிக்கிறது. ஏறத்தாழ 20 லட்சம் கார்களை ஓட்டிய ஆட்டுக்கல், வயதான காலத்தில் வீட்டில் ஒரு வேலை தேடிக்கொண்டது போல.

மகளுக்கு இதையெல்லாம் ஹிரோஷிமாவிலிருந்து திரும்பும் விமானத்தில் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். ஊர் வந்ததும் இரண்டு கார்களை ஓட்டிப் பார்த்தாள்: மாஸ்டா சிஎக்ஸ்-50, டொயோட்டா கொரோலா கிராஸ். அலபாமா மாநிலத்தின் ஹண்ட்ஸ்வில் நகரில் இரு கம்பெனிகளும் சேர்ந்து நடத்தும் ஒரே தொழிற்சாலையில் செய்யப்படும் கார்கள் அவை. மாஸ்டாவை ஓட்டிவிட்டு இறங்கியபோது அவள் முகம் மலர்ந்திருந்ததைப் பார்த்தேன். பிறகு காகிதத்தில் பெட்ரோல் செலவையும் மாதத் தவணையையும் கூட்டிக் கழித்து, டொயோட்டாவின் ஹைப்ரிட் காரை வாங்கினாள்.

நான் கொடுத்த அறிவுரையைத்தான் என் மகள் கேட்டிருக்கிறாள். பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று ஊரெல்லாம் குறைப்படுகிறார்கள். எனக்கு நேர்ந்தது அதற்கு மாறான வருத்தம். போன வாரம் வீட்டுக்கு வந்தவள், "அப்பா, உங்க கார் சாவியக் கொஞ்சம் கொடுங்க, சும்மா ஒரு சுத்து போயிட்டு வரேன்" என்றாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள்.